அந்த நீள மண்டபத்தை இடிக்காதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

யாழ்ப்பாணத்து வலிகாமத்தில் நான் அரிவரி படித்த பாடசாலையின் பழைய மண்டபத்தை இடித்துவிட்டு மாடிக் கட்டடம் எழுப்புவதாக, வெள்ளவத்தையில் கூடிய பழைய மாணவர் கூட்டத்தில் போன மாதம் முடிவெடுத்தார்கள். காசும் சேரத் தொடங்கிவிட்டது. புதுக் கட்டடம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பிள்ளைகளுக்கு ஆய்வுகூடம் கட்டாயம் வேண்டும். அதற்குப் பின்வளவு வெறுமையாகத்தானே கிடக்கிறது?

1823இல் தொடங்கிய வட்டுக்கோட்டைச் செமினரியைப் பற்றியும், 1848இல் ஆறுமுக நாவலர் வண்ணார்பண்ணையில் நிறுவிய சைவப்பிரகாச வித்தியாசாலையைப் பற்றியும் எழுத ஆட்கள் உண்டு. எங்களுடையது போன்ற ஊர்ப் பள்ளிக்கூடங்களைப் பற்றி யார் எழுதினார்கள்? ஊரவர் காணி எழுதிக் கொடுத்து, பனை தறித்துக் கொடுத்து எழுந்த மண்டபம் அது. பழைய இடாப்புகள் இடப்பெயர்வில் தொலைந்தன. மிஞ்சியிருப்பது சுவர்தான்.

தைப்பொங்கலுக்குப் போனபோது உள்ளே நின்று பார்த்தேன். இடுப்பளவு அரைச்சுவரின் மேல்விளிம்பு, தலைமுறை தலைமுறையாகப் பிள்ளைகள் முழங்கை ஊன்றியதில் வழுவழுத்துப் போயிருக்கிறது. பனங்கைமரங்கள் கறுத்து, தட்டினால் கணீரென்கின்றன. மணியாக அடிக்கும் தண்டவாளத் துண்டு இன்னும் அதே வளையில் தொங்குகிறது. பங்குனி வெயிலிலும் அங்கே விசிறி தேவைப்படாது. சூடு ஓட்டிடுக்கால் மேலே போய்விடும்.

"சுவர் உக்கிப்போச்சு" என்கிறார்கள். படவரைஞனாகப் பல்லாண்டு வேலை செய்தவன் என்ற முறையில் சொல்கிறேன், உதிர்வது பின்னாளில் மேலே பூசிய சீமெந்து. எங்கள் சுண்ணாம்புக்கல் நிலத்து ஈரத்தை இழுக்கும். சுண்ணாம்புச் சாந்து அந்த ஈரத்தைக் காயவிடும். சீமெந்து உள்ளே அடைத்து வைக்கும். அதைக் கொத்தி எடுத்துவிட்டுச் சுண்ணாம்பே பூசினால் சுவர் நிற்கும்.

1940ஆம் ஆண்டின் தொல்பொருட்கள் கட்டளைச் சட்டத்தின் கீழ், 1815க்குப் பிந்திய கட்டடங்களையும் பாதுகாக்கப்பட்ட நினைவுச்சின்னமாக அறிவிக்க இடமுண்டு. தொல்பொருள் திணைக்களத்தின் பெயரைக் கேட்டாலே எம்மவர்கள் தயங்குவதை அறிவேன். காணி பறிபோகுமோ என்ற அந்தப் பயத்தை நான் குறை சொல்லமாட்டேன். அந்த வழி வேண்டாமென்றால், சேர்த்த காசில் ஒரு பங்கை எடுத்து நாங்களே திருத்துவோம்.

தைக்குப் போனபோதே மண்டபத்தை அளந்து வந்தேன். வரைபடம் தயாராகிவிட்டது. அடுத்த கூட்டத்தில் அதை மேசையில் விரித்துவைக்க எனக்குப் பத்து நிமிடம் தாருங்கள் என்று சங்கத்தாரை இக்கடிதம் மூலம் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற படவரைஞர்,
வெள்ளவத்தை, கொழும்பு 06.