பைன் தோப்பை வெட்டும் முன் அதன் மண்ணையும் பாருங்கள்

நீலகிரி வனக்கோட்ட அலுவலர்களுக்கு,

வணக்கம். வெளியிலிருந்து வந்த சீகை (வாட்டில்), பைன், கற்பூர (யூகலிப்டஸ்) மரங்களை எடுத்துவிட்டு, மலையின் சொந்தக் காடான சோலையையும் புல்வெளியையும் மீட்கும் வேலை நடக்கிறது. இதற்கென்று 2022-இல் அரசு ஒரு கொள்கையே வெளியிட்டது. குறை சொல்ல வரவில்லை. வெட்டிய மரத்துக்கும் நட்ட நாற்றுக்கும் கணக்கு வைக்கிறீர்கள்; அந்தக் கணக்கில் பூஞ்சைக்கும் ஓர் இடம் வேண்டும் என்று கேட்கத்தான் இந்த மடல்.

மழை பிடித்ததும் பைன் தோப்பில் சிவப்புக் குடையில் வெள்ளைப் புள்ளி வைத்த காளான் முளைக்குமே, அமனிடா மஸ்காரியா, அது பைனோடு வந்து சேர்ந்தது. (அழகாக இருக்கிறதென்று யாரும் சமைத்துவிட வேண்டாம், நஞ்சு.) பைன் வேரின் நுனியைச் சுற்றிப் போர்த்திக்கொண்டு, மரத்துக்குத் தண்ணீரும் பாஸ்பரசும் கொடுத்துச் சர்க்கரை வாங்கிக்கொள்ளும் இனம். இப்படி ஒரு கூட்டாளி இல்லாத மண்ணில் பைன் தேறாது. தென்கோள நாடுகள் பலவற்றில் முதலில் வைத்த பைன் நாற்றுகள் சோடை போயின. பழைய பைன் தோப்பு மண்ணைக் கொண்டுவந்து கலந்த பிறகுதான் பிழைத்தன. நம் மலையின் பைன் வேர்களில் குடியிருக்கும் காளான்களைச் சென்னைப் பல்கலைக்கழகத்தின் கே. நடராஜனும் உடன் ஆய்வாளர்களும் 1990-களிலேயே ஆராய்ந்து எழுதியிருக்கிறார்கள்.

சோலை மரங்களின் சங்கதி வேறு. நாவல் குடும்பத்து மரங்களோடு சேரும் பூஞ்சை பெரும்பாலும் வேர்ச் செல்லுக்குள்ளேயே வாழும், காளானாக வெளியே தலைகாட்டாது. மண்ணைத் தண்ணீரில் கரைத்து, நுண்சல்லடையில் வடித்து, நுண்ணோக்கியில் தேடினால்தான் அதன் வித்துகள் கண்ணில் படும். ரோடோடென்ட்ரான் என்ற மலைப்பூ மரத்துக்கோ மூன்றாவது வகைப் பூஞ்சை. அப்படியானால் பல பத்தாண்டுகள் பைன் நின்ற மண்ணில் சோலை நாற்றை நட்டால் அதற்கு வேண்டிய துணை அங்கே கிடைக்குமா? நாற்றங்காலில் பாதிப் பைகளுக்குச் சோலையோர மண்ணில் ஒரு கைப்பிடி போட்டு, மீதியை இப்போது செய்வது போலவே விட்டு, நட்ட பிறகு இரண்டையும் ஒப்பிட்டுப் பாருங்கள். பெரிய செலவில்லை.

அப்புறம், ஒரு தோப்பை வெட்டும் முன் ஒரு மழைக்காலமாவது அங்கே முளைக்கும் காளான்களைப் பதிவு செய்யுங்கள். செல்போன் படம் மட்டும் போதாது. குடையை வெட்டிப் பாதி வெள்ளை, பாதி கறுப்புத் தாளில் இரவு முழுக்கக் கவிழ்த்து வைத்தால் வித்துப்பொடியின் நிறம் தெரியும். எந்த மரத்தடி, என்ன வாசனை, வெட்டினால் நிறம் மாறுகிறதா என்பதையெல்லாம் அங்கேயே குறித்துக்கொள்ள வேண்டும். உலர்த்திச் சீட்டு ஒட்டி வைத்த காளானிலிருந்து பின்னால் டி.என்.ஏ. எடுத்தும் இனத்தை உறுதிசெய்யலாம். அந்த மாதிரிகளை வைக்க ஊட்டியிலேயே ஓர் அலமாரி வேண்டும்.

கடைசியாகச் சொல்வதில் என் சுயநலமும் இருக்கிறது. நான் சிப்பிக் காளான் வளர்க்கிறேன். வைக்கோல் மேட்டுப்பாளையத்திலிருந்து லாரியில் மலையேறி வர வேண்டும். இங்கேயோ வெட்டிய சீகை குவிந்து கிடக்கிறது. மரத்துக்கு உறுதி தரும் லிக்னின் என்ற பொருளை உடைக்கும் லாக்கேஸ் என்ற நொதி சிப்பிக் காளானிடம் உண்டு. சிக்கல், சீகையில், அதிலும் பட்டையில், இருக்கும் டானின் என்ற துவர்ப்புப் பொருள். அது பூஞ்சையின் வளர்ச்சியைத் தடுக்கக்கூடியது. எந்த ரகம் அதைத் தாங்கும் என்று யாராவது முறையாகச் சோதிக்க வேண்டும். உங்கள் சீகைக் காட்டில் அழுகும் கட்டைகளில் தானாகவே முளைக்கும் பூஞ்சைகளிலிருந்து தொடங்கலாம். குவையகால் என்ற வேதிப்பொருள் கலந்த அகார் கூழ்த் தட்டில் அவற்றை வளர்த்தால், லாக்கேஸ் சுரக்கும் இனத்தைச் சுற்றிச் செம்பழுப்பு வட்டம் விழும். கல்லூரி ஆய்வகத்திலேயே செய்யக்கூடிய சோதனை. பிரேசிலில் கற்பூர மரக் கட்டையில் ஷிடாக்கே என்ற உணவுக் காளானை வளர்க்கிறார்கள், எனவே இது வீண் ஆசை இல்லை.

தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையத்தோடு பேசி, வெட்டிய மரத்தின் அடுத்த ஏலத்துக்கு முன் பட்டை நீக்கிய சீகைத் தூளில் சில மூட்டைகளை இந்தச் சோதனைக்கென்று ஒதுக்குங்கள். சும்மா வேண்டாம், ஏல விலைக்கே என் பங்கை எடுத்துக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
கோத்தகிரிப் பக்கத்துக் காளான் விவசாயி