பெயர் சொல்லாமல் போனவர்களுக்கு

அன்புடையீர்,

வணக்கம். இரத்தப் புற்றுநோய்க்கான முதல் கட்டச் சிகிச்சையை என் மகள் முடித்துவிட்டாள். வெளியிலிருந்து ஏற்றாமலே இரத்தத்தை உறைய வைக்கும் அவளுடைய தட்டணுக்கள் ஒரு லட்சத்தைத் தாண்டியிருக்கின்றன. இந்தச் செய்தி முதலில், அவளுக்கு இரத்தமும் தட்டணுக்களும் கொடுத்த உங்களுக்குத்தான் சேர வேண்டும்.

கீமோதெரபி மருந்து, இரத்த அணுக்களை உண்டாக்கும் எலும்பு மஜ்ஜையை ஒடுக்கும்போது தட்டணுக்கள் மளமளவென்று இறங்கிவிடும். ஈறில் இரத்தம் கசியும். தோலெங்கும் சிவப்புப் புள்ளிகள். பணத்தை அள்ளிக் கொடுத்தாலும் கடையில் கிடைக்காத பொருள் இந்தத் தட்டணுக்கள். காசு வாங்கிக்கொண்டு இரத்தம் கொடுப்பதை நம் நாட்டில் 1998 முதல் தடை செய்திருக்கிறார்கள். முன்கூட்டியே சேர்த்து வைக்கலாம் என்றால், எடுத்த 5 நாளுக்குள் தட்டணுக்களை ஏற்றிவிட வேண்டும். ஆக, யாரோ ஒருவர் வந்து கையை நீட்டித்தான் தீர வேண்டும். நீங்கள் நீட்டினீர்கள்.

அந்த ஆட்டோ ஓட்டுநர் அண்ணனை எப்படி மறப்பேன்? கையில் ஊசியோடு ஒன்றரை மணி நேரம் அசையாமல் படுத்திருந்தார். தட்டணுக்களை மட்டும் பிரித்தெடுக்கும் இயந்திரத்தில் இரத்தம் உறையாமலிருக்கச் சேர்க்கும் திரவத்தால் அவருக்கு உதட்டைச் சுற்றிக் குறுகுறுத்தது. செவிலியர் கொடுத்த கால்சியம் மாத்திரையை மென்றுகொண்டே, "பாப்பா என்ன படிக்கிறது?" என்று கேட்டார். அன்றைய சவாரி போயிற்றே என்று பணம் கொடுத்தேன். "பிள்ளைக்குப் பழம் வாங்கிக் கொடுங்கள் அம்மா" என்று சொல்லிவிட்டுக் கிளம்பிவிட்டார்.

"புண்ணியத்துக்கோ மன நிறைவுக்கோதான் எல்லோரும் கொடுக்கிறார்கள், தன்னலமில்லாத உதவி எங்கே இருக்கிறது?" என்று உறவினர் ஒருவர் கேட்டார். எனக்கு மனம் ஒப்பவில்லை. கொடுத்தபின் மனம் குளிர்ந்தால், குளிர்வதற்காகவே கொடுத்ததாக ஆகிவிடுமா? மறுமைப் பயனுக்காக அறத்தை விற்கும் வணிகன் அல்லன் என்று வள்ளல் ஆய் அண்டிரனைச் சங்கப் புலவர் பாடினார். அவனுக்காவது பாடப் புலவர் இருந்தார். முகாமில் இரத்தம் கொடுத்துவிட்டு வேலைக்குப் போன உங்களில் பலருக்கு, என் மகள் என்று ஒருத்தி இருப்பதே தெரியாது. உங்களுக்கு நிறைவு கிடைத்திருந்தால் கிடைக்கட்டும். அள்ள அள்ளக் கிடைக்கட்டும்.

தேர்வு நேரத்திலும் வந்த கல்லூரிப் பிள்ளைகளுக்கும், நள்ளிரவில் தொலைபேசியை எடுத்த இரத்த வங்கி ஊழியர்களுக்கும் என் நன்றி.

அடுத்த கட்டச் சிகிச்சையில் தட்டணுக்கள் மீண்டும் இறங்கலாம் என்கிறார் மருத்துவர். என் கணவரும் நானும் கொடையாளர் பட்டியலில் எங்கள் பெயரை எழுதிக் கொடுத்திருக்கிறோம். யாருடைய பிள்ளைக்கு என்று கேட்க மாட்டோம்.

நன்றியுடன்,
ஒரு தாய்