மேசைப் போர் விளையாட்டில் சோடி சேர்க்கும் விதி

ஆசிரியர் அவர்களுக்கு,

வவுனியாவில் மேசைப் போர் விளையாட்டுக்கு அணிநிலைச் சுற்றுப்போட்டி ஒன்றை நடத்த இளைஞர் சிலர் முயல்வதாகத் தங்கள் இதழில் வாசித்தேன். புலம்பெயர்ந்த உறவினர் அனுப்பிய விரலளவுப் படை உருவங்களுக்கு வர்ணம் தீட்டி, சனசமூக நிலைய மேசையில் நகர்த்தி விளையாடும் பிள்ளைகள் கிளிநொச்சியிலும் இருக்கிறார்கள். (போர் என்றதும் முகம் சுளிக்கும் பெரியவர்களை வன்னியில் யாரும் குறைசொல்ல முடியாது, அது வேறொரு கடிதத்துக்குரிய விடயம்.) நால்வர் அணிகள், முதலாமவருக்கு முதலாமவர் என்று சதுரங்கம் போல நிலையான வரிசையில் மோதும் என்ற ஏற்பாடு மட்டும் இவ்விளையாட்டுக்குப் பொருந்தாது.

சதுரங்கத்தில் இருவருக்கும் காய்கள் ஒன்றே. ஆதலால் 2022 இல் மாமல்லபுரத்தில் நடந்த ஒலிம்பியாட்டைப் போல வரிசைப்படி அமர்த்துவது நியாயமானது. இங்கே ஒவ்வொருவர் படையும் வேறு. தடித்த கவசப் படைக்கு, அதைத் துளைக்கும் ஆயுதமில்லாத படை இலகுவான இரை. பீரங்கிகள் நிறைந்த படையோ அதற்கு எமன். யாருக்கு யார் என்பதிலேயே பாதி ஆட்டம் தீர்ந்துவிடுவதால், வோர்ஹாமர் என்ற மேசைப் போர் விளையாட்டின் உலக அணிப் போட்டிகளில் அந்தத் தெரிவை அணிகளிடமே விட்டிருக்கிறார்கள். இரு தலைவர்களும் தம்மவர் ஒருவரின் பெயர்ச் சீட்டைக் கவிழ்த்து வைத்து, ஒரே நேரத்தில் திருப்புவர். அவ்வாறு வெளிப்பட்டவர் காப்பவர். அவருக்கெதிராக மற்ற அணி இருவரை முன்னிறுத்த, அவ்விருவரில் எவரோடு ஆடுவது என்பதைக் காப்பவரின் அணி தீர்மானிக்கும். நால்வர் அணியில் இதை ஒரு தடவை செய்தாலே இரண்டு ஆட்டங்கள் அமைந்துவிடும். மறுக்கப்பட்ட இருவரை ஒரு மேசையிலும் எஞ்சிய இருவரை இன்னொன்றிலும் அமர்த்தலாம். யார் எந்தப் படையோடு வருகிறார் என்ற பட்டியல்களை முதல் நாளே பரிமாறிக்கொண்டால் பத்து நிமிடத்துக்கு மேல் இதற்குத் தேவைப்படாது.

புள்ளி வழங்கலும் இதனோடு சேர்ந்ததே. வெற்றிக்கு ஒன்று, தோல்விக்குப் பூச்சியம் என்று எண்ணினால், அணிக்காகத் தனக்கு ஒவ்வாத எதிரியின் முன் அமர்பவரின் உழைப்பு வீணாகும். மேசைக்கு 20 புள்ளிகளை இருவருக்கும் பகிர்ந்து, நான்கு மேசைக்குமான 80 இல் 36 முதல் 44 வரை பெற்ற அணிகளைச் சமநிலை எனக் கொண்டால், தோற்றும் 6 புள்ளியைக் காத்துக் கொடுத்தவரே அணியின் தோல்வியைத் தடுத்தவராக இருக்கக் கூடும். தரவரிசையில் அணி வெற்றிகளை முதலிலும் மேசைப் புள்ளிகளை அடுத்தும் பார்க்கலாம்.

தோற்றவரை வெளியேற்றாமல், ஒவ்வொரு சுற்றிலும் ஏறத்தாழச் சமநிலையில் நிற்கும் அணிகளை மோதவிடும் சுவிஸ் முறையில், எட்டு அணிகளுக்கு மூன்று சுற்றுகள் போதும். ஆனால் ஓர் ஆட்டம் மூன்று மணித்தியாலம் வரை இழுபடும். மூன்றையும் ஒரே நாளில் அடைத்தால், துணுக்காய், ஒட்டுசுட்டான் பக்கத்துப் பிள்ளைகள் கடைசி பஸ்ஸுக்காக இறுதிச் சுற்றைப் பாதியில் விட்டு எழவேண்டி வரும். அப்படி விட்டெழுந்த மேசைக்குப் புள்ளியை எப்படிப் பகிர்வது என்பதையாவது, அணிகளைப் பதியும் முன்னரே அமைப்பாளர்கள் எழுத்தில் அறிவிக்க வேண்டும்.

இங்ஙனம்,
வாசகர் ஒருவர்,
கிளிநொச்சி.