நட்புறவுக் கூட்டத்தை எங்கள் ஊரில் நடத்துங்கள்

திருகோணமலையில் இன நல்லிணக்கத்துக்காகவும் சர்வதேச நட்புறவுக்காகவும் பணிபுரியும் மகளிர் அமைப்புகளின் நிர்வாகிகளுக்கு,

வணக்கம்.

உங்களில் ஓர் அமைப்பு சென்ற மாதம் உப்புவெளி ஹோட்டல் ஒன்றில் நடத்திய மகளிர் நட்புறவுக் கூட்டத்துக்கு நாங்களும் வந்திருந்தோம். வெளிநாட்டு விருந்தினர்கள் அன்பாகப் பழகினார்கள், சாப்பாடும் நன்றாக இருந்தது. ஆனாலும் இந்த மடலை எழுதாமல் இருக்க முடியவில்லை.

கிளிவெட்டியிலிருந்து நான் போனேன். என் மேசையில் தெகிவத்தையிலிருந்து வந்த சிங்கள அக்கா ஒருவரும், தோப்பூரிலிருந்து வந்த முஸ்லிம் ராத்தா (அக்கா) ஒருவரும் இருந்தார்கள். எங்கள் மூன்று ஊர்களும் அக்கம்பக்கம். சைக்கிளில் போய் வரும் தூரத்தில் இருக்கும் எங்களை ஒருவருக்கொருவர் அறிமுகம் செய்துவைக்க, கிண்ணியாப் பாலத்தையும் நகரத்தையும் தாண்டி உப்புவெளிவரை வரவழைத்தீர்கள்.

கூட்டம் மூன்று மணிக்கு முடியும் என்றுதான் சொன்னீர்கள். உரைகள் நீண்டன, பிறகு சான்றிதழ், பிறகு புகைப்படம். பஸ் நிலையத்துக்கு நாங்கள் வந்து சேர்ந்தபோது இருட்டிவிட்டது. எங்கள் பக்கம் போகும் கடைசி பஸ்ஸும் போய்விட்டது. தோப்பூர் ராத்தா மாலையில் இடியப்பம் அவித்துக் கடைகளுக்குக் கொடுத்துப் பிழைப்பவர். மாவை வறுத்து, அரித்து, மூடி வைத்துவிட்டு வந்திருந்தார். கடைக்காரர் மூன்று தடவை தொலைபேசியில் அழைத்தார். மூன்றாவது அழைப்பை அவர் எடுக்கவேயில்லை, கைப்பேசியைக் கவிழ்த்து மடியில் வைத்துக்கொண்டார். அன்றைய வருமானம் போனது போகட்டும், மறுநாள் அந்தக் கடை வேறொருவரிடம் இடியப்பம் வாங்கத் தொடங்கிவிட்டது. உங்கள் அறிக்கையில் அவர் ‘பயனாளி’ என்றே பதிவாகியிருப்பார்.

மூதூர் வரைக்கும் ஒரு பஸ் கிடைத்தது. அங்கிருந்து போக வழியில்லை. யானை நடமாடும் பக்கம் என்பதால் முச்சக்கரவண்டிக்காரர்களும் தயங்கினார்கள். கடைசியில் தெகிவத்தை அக்கா தன் மகனை அழைக்க, அவர் பெட்டி பூட்டிய லாண்ட்மாஸ்டரில் (இருசக்கர உழவு இயந்திரத்தில்) வந்து எங்கள் எல்லோரையும் அவரவர் வாசலில் இறக்கிவிட்டார். பெட்டியில் குலுங்கிக்கொண்டு வந்தபோது நாங்கள் பேசியவற்றில் பாதியைக்கூட ஹோட்டல் மண்டபத்தில் பேசவில்லை.

எங்கள் வேண்டுகோள் ஒன்றுதான்: கூட்டத்தை எங்கள் ஊர்களில் நடத்துங்கள்.

நாங்கள் அந்நியர்கள் அல்லர். 2006 யூலையில் மாவிலாற்றின் மதகு மூடப்பட்டபோது இந்தப் பகுதியில் மூவினத்தாரின் வயல்களுக்கும் தண்ணீர் நின்றது. அடுத்த மாதமே சண்டை மூதூருக்கு வந்து, முஸ்லிம் குடும்பங்கள் கந்தளாய்க்கு ஓடின. சம்பூரிலிருந்து இடம்பெயர்ந்த தமிழர்கள் பின்னர் எங்கள் கிளிவெட்டி முகாமில் ஆண்டுக்கணக்கில் கிடந்தார்கள். இவையெல்லாம் உங்களுக்குத் தெரியும், உங்கள் கையேடுகளிலும் இருக்கின்றன. அப்படியிருக்க, இதைப்பற்றிப் பேசுவதற்கு ஏன் வாய்க்கால் கரைக்கு வரக்கூடாது? எங்கள் வாழ்க்கையை அறிய ஆசைப்பட்டு வந்த விருந்தினர்கள் கடலை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்புவது அவர்களுக்கும் நியாயமில்லை.

பெண்கள், சமாதானம், பாதுகாப்பு பற்றி ஐ.நா. பாதுகாப்புச் சபை 2000 ஒக்டோபரில் நிறைவேற்றிய 1325ஆம் தீர்மானத்தை உங்கள் பதாகையில் பெரிதாக அச்சிட்டிருந்தீர்கள். சமாதான முயற்சிகளில் தீர்மானம் எடுக்கும் இடத்தில் பெண்கள் இருக்க வேண்டும் என்பது அதன் சாரம். கூட்டம் எங்கே, எத்தனை மணிக்கு என்று தீர்மானிக்கும்போது எங்களை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. சுனாமிக்குப் பிறகு வந்த நிறுவனங்களிலிருந்து இன்றுவரை இதே கதைதான். நுண்கடன் வசூலிப்பவர்கள் மழையிலும் சேற்றிலும் எங்கள் ஒழுங்கைகளைத் தேடி வந்துவிடுகிறார்கள். நட்புறவை வளர்ப்பவர்களால் வர முடியாதா?

கோபத்தில் சொல் தடித்திருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். உங்கள் பணி வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. அது தொடர வேண்டும் என்பதால்தான் தயவாகக் கேட்கிறோம்: அடுத்த கூட்டத்தை எங்கள் ஊர்களில், முற்பகலில் நடத்துங்கள். தமிழும் சிங்களமும் தெரிந்த ஒருவரைத் தொடக்கம் முதல் முடிவு வரை அமர்த்துங்கள். எங்கள் மாதர் சங்கக் கட்டடத்தில் கதிரைகள் இருக்கின்றன, சமையலை நாங்கள் பொறுப்பேற்கிறோம். தெகிவத்தைக்கும் தோப்பூருக்கும் நாங்களே போய் அழைப்புச் சொல்வோம். பெரும்போக அறுவடை முடிந்தபின் வரும் எந்த நாளும் எங்களுக்கு வசதி. திகதியை இரண்டு வாரங்களுக்கு முன்பாகத் தமிழிலும் சிங்களத்திலும் எழுதி அனுப்புங்கள்.

இப்படிக்கு,
மாதர் கிராம அபிவிருத்திச் சங்க உறுப்பினர் ஒருவர்,
கிளிவெட்டி.