தோல் ஜாக்கெட்டும் பாதிரியாரும்

வெம்ப்ளி
அக்டோபர் 14

அன்புள்ள சேகர்,

நலமா? அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று உன் தங்கை போனில் சொன்னாள். நிம்மதியாக இருந்தது. இங்கே குளிர் ஆரம்பித்துவிட்டது. மகனுக்கு 17 முடிந்துவிட்டது. பைக் வேண்டும் என்று வீட்டில் தினமும் பேச்சு. முடியாது என்று நான் சொல்லிக்கொண்டே இருந்தேன்.

எங்கள் வரிசையில் நாலு வீடு தள்ளி ஒரு வெள்ளைக்காரப் பெரியவர் இருக்கிறார். வயது 81. மனைவி போய் மூன்று வருஷம் ஆகிறது. போன மாதம் அவர் வீட்டுப் பின்பக்கம் இருந்த ஷெட்டை ஒழிக்க நானும் மகனும் போயிருந்தோம். பழைய பெட்டி ஒன்றைத் திறந்தால் கறுப்புத் தோல் ஜாக்கெட். முழங்கை தேய்ந்து பழுப்பேறி, மடிப்பு மடிப்பாக வெடித்திருந்தது. அறுபது வருஷத்துக்கு அப்புறமும் லேசாக எஞ்சின் ஆயில் வாசனை. மார்பில் ஒரு வட்ட பேட்ஜ், அதில் 59 என்று எண். மகன் அதைத் தொட்டுப் பார்த்து என்னவென்று கேட்டான். அவ்வளவுதான், பெரியவர் ஒரு கவிழ்த்த வாளிமேல் உட்கார்ந்து பேச ஆரம்பித்துவிட்டார். ஷெட் அன்றைக்கு ஒழியவில்லை.

வீட்டிலிருந்து பஸ்ஸில் பத்து நிமிஷம் போனால் நார்த் சர்க்குலர் ரோட்டில் ஏஸ் கஃபே என்று ஒரு கடை. 1938-ல் லாரி டிரைவர்களுக்காகத் திறந்தது, போரில் குண்டு விழுந்து போய், 1949-ல் திரும்பக் கட்டினார்கள். ராத்திரி முழுக்கத் திறந்திருக்கும், டீ மலிவு, காசு போட்டால் பாட்டுப் போடுகிற ஜுக்பாக்ஸும் உண்டு. பையன்களுக்கு வேறென்ன வேண்டும்? போர் முடிந்து ரேஷனும் ஓய்ந்து, கையில் முதல் தடவையாகச் சம்பளம் புரளத் தொடங்கிய தலைமுறை அது. தவணையில் பைக் வாங்கலாம். கட்டாய ராணுவச் சேவைக்கு ஆள் எடுப்பதும் 1960-உடன் நின்றுவிட்டது. மணிக்கு நூறு மைல், அதாவது 160 கிலோமீட்டர், தொட்டுவிட்டால் 'டன்' அடித்துவிட்டான் என்று பெயர். செத்தவர்களும் உண்டு. தன் கூட்டாளி ஒருவனைப் பற்றிச் சொல்ல வந்து பெரியவர் பாதியில் நிறுத்திவிட்டார். நாங்களும் கேட்கவில்லை.

அவர் வண்டியைப் பற்றிச் சொன்னால் உனக்குப் பிடிக்கும். நார்ட்டன் ஃபிரேமில் டிரையம்ஃப் எஞ்சின். இரண்டு பைக் கம்பெனிப் பெயரையும் சேர்த்து 'டிரைட்டன்'. சாலையைப் பிடித்து ஓடுவதில் நார்ட்டனின் ஃபெதர்பெட் ஃபிரேமை மிஞ்ச ஆளில்லை. அந்தக் காலத்தில் 500 சிசி ரேஸ் கார் ஓட்டுகிறவர்கள் எஞ்சினுக்காகவே முழு நார்ட்டன் பைக்கை வாங்குவார்களாம், கம்பெனி எஞ்சினைத் தனியாக விற்காது என்பதால். அப்படி மிஞ்சிய ஃபிரேம்கள் பையன்கள் கைக்கு வந்தன. ஹேண்டில் பாரை இறக்கி, கால் வைக்கிற கட்டையைப் பின்னுக்குத் தள்ளி, டேங்க்மேல் படுத்தபடி ஓட்டுவது. இதையெல்லாம் ஒரு ஸ்பேனர் பெட்டியை வைத்துக்கொண்டு பின்பக்க முற்றத்திலேயே செய்திருக்கிறார். கைகளால் காட்டிக் காட்டிச் சொன்னபோது அந்த விரல்களில் நடுக்கமே இல்லை.

அந்தக் காலத்துப் பையன்களில் பைக் கூட்டத்துக்கு ராக்கர் என்று பெயர், சூட்டும் ஸ்கூட்டருமாகத் திரிகிற கூட்டத்துக்கு மாட். இரண்டுக்கும் ஆகாது. அவர் ராக்கர். அவருடைய தம்பியோ மாட். ஒரே அறை, இரண்டு கட்டில். இவருக்குத் தோல் ஜாக்கெட், பூட்ஸ்மேல் மடித்துவிட்ட வெள்ளைக் காலுறை. தம்பிக்கு இத்தாலிய பாணி சூட், அது அழுக்காகாமல் இருக்க மேலே பார்க்கா என்கிற ராணுவக் கோட்டு, முன்னால் வரிசையாகக் கண்ணாடி மாட்டிய லாம்ப்ரெட்டா ஸ்கூட்டர். அம்மா ஒரு பக்கம் தம்பியின் சூட்டுக்கு இஸ்திரி போடுவாராம், இன்னொரு பக்கம் இவருடைய எண்ணெய்த் துணியைத் தனியாக ஊற வைப்பாராம்.

1964 ஈஸ்டர் விடுமுறைக்குத் தம்பி கிளாக்டன் கடற்கரைக்குப் போனான். அந்த ஈஸ்டர் ஞாயிறு எண்பது வருஷத்தில் இல்லாத குளிர். போக இடமில்லை, செய்ய வேலையில்லை. கொஞ்சம் கைகலப்பு, கொஞ்சம் கண்ணாடி உடைந்தது, 97 பேர் கைது. மறுநாள் பத்திரிகைகளைப் பார்த்தால் அந்நியப் படை வந்து ஊரைச் சூறையாடியதுபோல எழுதியிருந்தார்கள். ஸ்டான்லி கோயன் என்ற சமூகவியலாளர் இதைப் பின்னால் ஆராய்ந்து 1972-ல் புத்தகமாகவே போட்டார். நூலகத்தில் எடுத்துப் படித்தேன். கிளாக்டனில் மொத்தச் சேதம் 513 பவுண்டு. அவ்வளவுதான், சேகர்! ஆனால் அந்தச் செய்திகளைப் படித்துவிட்டு அடுத்த விடுமுறையில் மார்கேட்டுக்கும் பிரைட்டனுக்கும் இன்னும் கூட்டமாகப் போனார்கள். வேடிக்கை பார்க்கப் போனவர்களும் அதில் நிறைய. மார்கேட்டில் மாஜிஸ்டிரேட் அவர்களை 'மரத்தூள் சீசர்கள்', அதாவது வெற்று வீறாப்புக்காரர்கள், என்று திட்டித் தீர்த்தார். 75 பவுண்டு அபராதம் போட்டதும் ஒரு பையன் செக் எழுதித் தருகிறேன் என்றான். பணத் திமிரைப் பாருங்கள் என்று நாடே கொதித்தது. அவனுக்கு பேங்க் கணக்கே கிடையாது, வாழ்நாளில் ஒரு செக்கிலும் கையெழுத்துப் போட்டதில்லை என்று கோயன் எழுதுகிறார். அந்த இடத்தில் புத்தகத்தை மூடி வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

பெரியவர் வீட்டில் அம்மா பத்திரிகையை மேஜைமேல் வைத்து, "நீயும் கல்லெறிந்தாயா?" என்று தம்பியைக் கேட்டாராம். "கடலில் எறிந்தேன்" என்றானாம் அவன்.

அந்த 59 பேட்ஜுக்கு வருகிறேன். கிழக்கு லண்டனில் ஹாக்னி விக் பக்கம் ஒரு மாதா கோயிலை ஒட்டி 1959-ல் இளைஞர் கிளப் தொடங்கினார்கள். அங்கே பில் ஷெர்கோல்ட் என்று ஒரு பாதிரியார், அவரும் டிரையம்ஃப் ஓட்டுகிறவர். ஊரே வெறுக்கிற இந்தப் பையன்களைக் கோயிலுக்கு அழைக்க நினைத்து ஏஸ் கஃபேக்குக் கிளம்பினார். பாதிரி காலரை மறைத்துக் கழுத்தில் ஒரு ஸ்கார்ஃப். கடை வாசலில் நின்ற கூட்டத்தைப் பார்த்ததும் தைரியம் போய், நிற்காமல் தாண்டிப் போய்விட்டார். ஆனால் திரும்ப வந்தார். 1962-ல் பைக்குகளைக் கோயிலுக்குள்ளேயே ஏற்றி நிறுத்தி அவர்களுக்காகத் தனி ஆராதனை நடத்தினார். கிளப்பில் மோட்டார் சைக்கிள் பிரிவும் அந்த வருஷம்தான் ஆரம்பமானது. பையன்கள் ஆயிரக்கணக்கில் சேர்ந்தார்கள். "எங்களைத் தேடி வந்து பேசின முதல் பெரிய மனுஷன் அவர்தான்" என்றார் பெரியவர்.

சேகர், இரவு வேலை முடிந்து வரும்போது ஸ்டேஷன் பக்கம் தலையை மூடிய ஜாக்கெட்டோடு ஏழெட்டுப் பையன்கள் நிற்பார்கள். இத்தனை வருஷமாக நான் எதிர்ப்பக்கம் போய்விடுவேன். ஒரு நாள் அந்தக் கும்பலில் என் மகன் நின்றான். மற்றவர்கள் எல்லாம் அவனோடு படித்த பிள்ளைகள். நான் தினமும் பயந்து விலகியது இவர்களைப் பார்த்துத்தான். பெரியவர் பேசப் பேச எனக்கு அதுதான் நினைவுக்கு வந்தது. மனசு கஷ்டமாகிவிட்டது.

உன் அப்பா திருவொற்றியூர் என்ஃபீல்டில் வேலை பார்த்தவர் என்று சொன்னேன். பெரியவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். ரெட்டிட்ச்சில் இருந்த ராயல் என்ஃபீல்டு ஆலையை 1967-ல் மூடியபோது அவருடைய மாமாவுக்கு வேலை போனதாம். 1955-லேயே மெட்ராஸில் கம்பெனி தொடங்கியது, அங்கே புல்லட் நிற்கவே இல்லை என்று நான் சொன்னதைத் திரும்பத் திரும்பச் சொல்ல வைத்துக் கேட்டார்.

ஏஸ் கஃபே 1969-ல் மூடி, டயர் கடையாகக் கிடந்து, 2001-ல் மறுபடி முழுசாகத் திறந்தது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் மூன்று பேரும் போகிறோம். ஜாக்கெட்டை மகன் போட்டுக்கொள்ள வேண்டும் என்பது அவர் உத்தரவு. பைக்கைப் பற்றி வழியில் பேசலாம் என்று மகனிடம் சொல்லியிருக்கிறேன்.

உன்னிடம் ஒன்று கேட்க வேண்டும். கம்பெனி கேட் முன்னால் உன் அப்பா புல்லட்மேல் உட்கார்ந்திருக்கிற கறுப்பு வெள்ளைப் படம் உங்கள் கூடத்தில் மாட்டியிருந்ததே, அது இன்னும் இருக்கிறதா? போனில் ஒரு படம் எடுத்து அனுப்பு. பெரியவருக்குக் காட்ட வேண்டும். வெள்ளிக்கிழமைக்குள் கிடைத்தால் நல்லது.

அன்புடன்,
ரவி