சட்டம் வந்தது, பட்டா வரவில்லை

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஆட்சிக்கு வந்ததும் கட்சிகள் கொள்கையை மறந்துவிடுவது பற்றிய உங்கள் தலையங்கத்தைப் படித்தேன். எங்கள் நீலகிரி கூடலூர்ப் பக்கம் இதற்கு ஒரு சட்டமே சாட்சியாக இருக்கிறது.

1967-இல் அண்ணா முதல்வரானபோது என் அப்பா இளைஞர். எஸ்டேட் வேலை முடிந்து வருகிறவர்களில் எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்காக, கழகப் படிப்பகத்தில் தினமும் பேப்பரை உரக்க வாசிப்பாராம். 1969-இல் தி.மு.க. ஆட்சிதான் கூடலூர் ஜென்ம நில (பரம்பரை ஜமீன் நில) ஒழிப்புச் சட்டத்தைக் கொண்டுவந்தது. நிலம்பூர் கோவிலகம் என்ற அரச குடும்பத்தின் உரிமை போய், மண்ணில் பாடுபட்டவர் பெயருக்குப் பட்டா வரும் என்று அன்றைக்கு எல்லோரும் நம்பினார்கள்.

சட்டம் நடைமுறைக்கு வரவே 1974 ஆகிவிட்டது. வழக்குகள் உச்ச நீதிமன்றம் வரை போயின. கோர்ட்டில் எதிர்க்க முடியாதபடி சில சட்டங்களுக்குப் பாதுகாப்புத் தர வைத்த, அரசியல் சட்டத்தின் ஒன்பதாம் அட்டவணை பற்றி 2007-இல் வந்த புகழ்பெற்ற தீர்ப்புகூட எங்கள் ஊர் நிலத்திலிருந்து கிளம்பியதுதான். கோர்ட்டில் இருக்கும்போது அரசு என்ன செய்யும் என்று கேட்கிறார்கள். சரி, அதில் நியாயம் உண்டு. ஆனால் அத்தனை வருடமும் இரண்டு கழகங்களும் மாறி மாறி ஆண்டனவே! ஆயிரக்கணக்கான ஏக்கர் வைத்திருக்கும் கம்பெனியையும் ஒன்றரை ஏக்கரில் தேயிலையும் குறுமிளகும் போட்டவனையும் ஒரே தட்டில் வைத்துத்தான் இன்றுவரை பார்க்கிறார்கள். அந்தச் சட்டத்தின் 17-ஆம் பிரிவில் வந்து உரிமை முடிவாகாமல் கிடக்கும் ‘செக்சன் 17’ நிலத்தில் வீடு என்றால் கரண்ட் வாங்குவதற்குக்கூட நாயாய் அலைய வேண்டும்.

எனக்கு இதைவிட வலிப்பது இன்னொன்று. அந்தக் காலத்தில் மனு எழுதத் தெரியாதவர்களுக்குக் கட்சிக்காரர்களே எழுதிக் கொடுத்து, கூடவே தாலுகா ஆபீசுக்கும் நடப்பார்கள். அப்பா அப்படி எத்தனையோ மனு எழுதியிருக்கிறார். போன வருடம் எங்கள் நிலத்துக்காக நான் மனுவோடு போனேன். “முதலில் உள்ளூர்க் கட்சி நிர்வாகியைப் பார்த்துவிட்டு வாங்க” என்றார்கள். படிப்பகமும் இப்போது இல்லை, மூடிப் பல வருடமாகிறது.

அடுத்த முறை ஓட்டுக் கேட்டு மலையேறி வருகிறவர்கள் புதிதாக எந்த வாக்குறுதியும் தர வேண்டாம். 1969 சட்டப்படி இதுவரை எத்தனை சிறு விவசாயிகளுக்குப் பட்டா கொடுத்தீர்கள், இன்னும் எத்தனை பேர் பாக்கி என்று ஊர் ஊராகக் கணக்கெடுத்து, அச்சடித்துக் கையில் கொண்டு வாருங்கள். அப்பா எழுதிய மனுக்களின் நகல்கள் எங்கள் டிரங்குப் பெட்டியில் இருக்கின்றன. அந்தப் பெயர்களை நான் சரிபார்த்துக்கொள்கிறேன்.

ஒரு சிறு தேயிலை விவசாயி,
தேவாலா, நீலகிரி