கணினி மேசைக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலி

ஆசிரியருக்கு வணக்கம்.

கிளை நூலகங்களில் பள்ளிப் பிள்ளைகள் கணினி முன் உட்கார்ந்து இன்ஸ்டாகிராமும் முகநூலும் பார்க்கிறார்கள், அந்தத் தளங்களை அடியோடு முடக்க வேண்டும் என்று சென்ற வாரம் இந்தப் பகுதியில் வாசகர் ஒருவர் எழுதியிருந்தார். அவருடைய கோபம் எனக்குப் புரிகிறது. அதே கோபத்தில் அதே காரியத்தைச் செய்தவள் நான். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

திண்டுக்கல் மாவட்டத்தில் இருபத்தெட்டு ஆண்டுகள் நூலகராக இருந்து 2019-இல் ஓய்வுபெற்றேன். கடைசியாக இருந்த கிளைக்கு 2011-இல் மூன்று கணினிகள் வந்தன. தேர்வு முடிவு பார்க்கவும் வேலைக்கு விண்ணப்பிக்கவும் என்றுதான் சொன்னார்கள். ஆறே மாதத்தில், மாலை நான்கரை மணிக்குப் புத்தகப் பையோடு வரும் பிள்ளைகள் மூன்றையும் பிடித்துக்கொண்டார்கள். பாடமா படித்தார்கள்? முகநூல் விளையாட்டில் பயிர் வளர்த்தார்கள். அறுவடைக்கு நேரமாகிவிட்டது என்று ஒரு பையன், நாளிதழ் படித்துக்கொண்டிருந்த பெரியவரை இடித்துத் தள்ளிக்கொண்டு ஓடினான். வாசகர் வட்டக் கூட்டத்தில் அது புகாராக வந்தது. கணினி பழுதுபார்க்க வரும் தம்பியிடம் சொல்லி, முகநூல் திறக்காதபடி செய்துவிட்டேன். உள்ளூரப் பெருமையாகக்கூட இருந்தது.

நூலகம் அமைதியாயிற்று. பிள்ளைகள் பஸ் நிலையத்துக்குப் பின்னால் இருந்த பிரவுசிங் சென்டருக்குப் போனார்கள். அங்கே மணிக்கு இருபது ரூபாய், பலகைத் தடுப்பு, தடுப்புக்கு ஒரு திரைச்சீலை. இரண்டு மாதம் கழித்து ஒரு தகப்பனார் என் மேசை முன் வந்து நின்றார். "பையன் தினமும் லைப்ரரிக்குத்தான் போகிறேன் என்கிறான். வீட்டில் காசு காணாமல் போகிறது. இங்கே என்ன கட்டணம் வாங்குகிறீர்கள்?" என்று கேட்டார். வருகைப் பதிவேட்டைப் புரட்டினேன். ஒரு நாள் விடாமல் அவன் கையெழுத்து இருந்தது. போட்டுவிட்டு அப்படியே வெளியேறியிருக்கிறான். எனக்கு வாயடைத்துப்போயிற்று.

மறு வாரமே தடையை எடுத்தேன். ஆனால் பழையபடி விடவில்லை. மேசைகளைத் திருப்பிப் போட்டு, திரைகள் மூன்றும் என் இருக்கையிலிருந்து தெரியும்படி செய்தேன். ஆளுக்கு அரை மணி நேரம், நோட்டில் பெயர் எழுதிய வரிசைப்படி. கூடவே ஒரு காலி நாற்காலியும் போட்டேன். அது எனக்கு.

அந்த நாற்காலியால் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். 2014 என்று நினைவு. எட்டாம் வகுப்புப் பெண். தாய்க்கு நூற்பாலையில் வேலை. பூட்டிய வீட்டுக்குப் போக வேண்டாம் என்று, ஷிப்ட் முடிந்து தாய் வந்து அழைக்கும்வரை நூலகத்தில் இருப்பாள். பதிமூன்று வயது நிரம்பாதவர்களுக்குக் கணக்கு கிடையாது என்பது அந்த நிறுவனங்களே வைத்திருக்கும் விதி. இவளுக்கோ பன்னிரண்டு. பிறந்த ஆண்டு 1990 என்று போட்டுச் சித்தி மகன் கணக்குத் திறந்து கொடுத்திருந்தான். ஒரு நாள் திரும்பிப் பார்த்துக் கேட்டாள்: "மேடம், இந்த அக்கா எங்கள் பள்ளி எத்தனை மணிக்கு விடும் என்று கேட்கிறார்கள். சொல்லலாமா?"

அந்த 'அக்கா'வின் படம் எனக்கே தெரிந்த ஒரு நடிகையின் முகம். நண்பர் பட்டியலைத் திறந்தோம். முழுக்கப் பள்ளிச் சீருடையில் இருக்கும் சிறுமிகள். எனக்குக் கை நடுங்கியது. அவளுக்கு நடுங்கவில்லை, என்னைப் பார்த்துத்தான் பயந்தாள். அந்த ஆளை முடக்குவது எப்படி, புகார் கொடுப்பது எப்படி என்று இருவரும் சேர்ந்தே கற்றுக்கொண்டோம். விஷயம் தெரிந்ததும் தாய், இனி நூலகமே வேண்டாம் என்றார். ஆலை வாசலில் அரை மணி நேரம் நின்று பேசித்தான் அவர் மனத்தை மாற்ற முடிந்தது. தடை இருந்திருந்தால் அந்தக் கேள்வி திரைச்சீலைக்குள் இருந்து யாரிடம் வந்திருக்கும்?

வெளிநாட்டில் தடுக்கவில்லையா என்று கேட்கலாம். ஆஸ்திரேலியாவில் 2025 டிசம்பர் 10 முதல் பதினாறு வயதுக்குட்பட்டவர்கள் பெரிய சமூக வலைதளங்களில் கணக்கு வைத்திருக்க முடியாது. ஆனால் அந்தச் சட்டத்தில் அபராதம் நிறுவனத்துக்குத்தான், பிள்ளைக்கோ பெற்றோருக்கோ இல்லை. அமெரிக்காவில் 2006-இல், அரசின் இணைய மானியம் வாங்கும் பள்ளிகளும் நூலகங்களுமே இத்தளங்களைத் தடுக்க வேண்டும் என்று ஒரு மசோதா வந்தது. பிரதிநிதிகள் சபையில் 410 பேர் ஆதரவு, 15 பேர் எதிர்ப்பு. அப்படியும் அது செனட்டைத் தாண்டிச் சட்டமாகவில்லை. நம் நாட்டிலும் 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், பதினெட்டு வயதுக்குட்பட்டவர்களின் தரவைக் கையாளப் பெற்றோரின் ஒப்புதலை வாங்கும் பொறுப்பை நிறுவனங்கள்மீதுதான் வைக்கிறது. வயதைச் சரிபார்க்க வேண்டியவன் சும்மா இருக்க, புத்தகம் கொடுப்பவர் காவல்காரராக வேண்டுமா?

எல்லாத் தளத்தையும் எந்நேரமும் திறந்து வையுங்கள் என்று நான் சொல்லவில்லை. ஆபாசத் தளங்களைத் தடுக்கத்தான் வேண்டும். தேர்வுக்குப் படிப்பவர்களுக்குக் கணினி முதலில் கிடைக்க வேண்டும். பொதுக் கணினியில் கடவுச்சொல்லைச் சேமிக்கவா என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லவும், எழுந்திருக்கும் முன் கணக்கைவிட்டு வெளியேறவும் முதல் நாளே சொல்லிக்கொடுக்க வேண்டும். ஒருத்தி திறந்துவைத்துப் போன கணக்கில் அடுத்து உட்கார்ந்தவன் செய்த குறும்பால் இரண்டு வீடுகள் பேசாமல் போனதை நான் பார்த்திருக்கிறேன். குழந்தைகள் உதவி எண் 1098-ஐத் திரைக்கு மேலே பெரிதாக ஒட்டிவையுங்கள்.

இதற்கெல்லாம் ஆள் வேண்டும். சொத்து வரியில் ரூபாய்க்குப் பத்து காசு நூலக வரியாகக் கட்டுகிறோம். ஆனால் கதவு திறப்பது, கூட்டுவது, புத்தகம் வழங்குவது, கணக்கு எழுதுவது எல்லாம் ஒரே ஆளாக இருக்கும் கிளைகளை எனக்குத் தெரியும். அவரைப் போய்ப் பிள்ளைகளோடு உட்காருங்கள் என்றால் எப்போது உட்காருவார்? தளத்தை முடக்கச் சொல்வது சுலபம், செலவில்லாதது. அதனால்தான் எல்லோருக்கும் முதலில் அது தோன்றுகிறது, எனக்கும் தோன்றியது.

போன மாதம் ஒரு நூலகத்துக்குப் போயிருந்தேன். கணினி அறைக் கதவில் 'பள்ளி மாணவர்களுக்கு அனுமதி இல்லை' என்று அட்டை தொங்கியது. வெளியே வாசற்படியில் ஏழாம் வகுப்போ எட்டாம் வகுப்போ படிக்கும் நான்கு பையன்கள் ஒரே கைப்பேசியின் மேல் தலைகளை முட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். என்ன பார்க்கிறீர்கள் என்று கேட்டுக்கொண்டே குனிந்தேன். கைப்பேசி சட்டைப்பைக்குள் போய்விட்டது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கிளை நூலகர்,
திண்டுக்கல் மாவட்டம்